வெற்றி விழாவில் ஒப்பாரிக்கு இடமில்லை

'கத்யூஷா' என்ற ரஷ்யப் பாட்டை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். பெயர் தெரியாமல் இருக்கலாம். பிள்ளைகள் விளையாடும் வீடியோ கேம்களில் வரும், டிக்டாக்கில் வரும், ஆண் குரல்கள் திரண்டு கைதட்டலோடு பாடும். கேட்டவுடன் ராணுவ அணிவகுப்பு என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் வரிகளைப் படித்துப் பார்த்தால் அதில் துப்பாக்கிச் சத்தமே கிடையாது. ஒரு கிராமத்துப் பெண் ஆற்றங்கரை மேட்டில் நின்று, தூரத்து எல்லையில் காவல் இருக்கும் காதலனை நினைத்துப் பாடுகிறாள். அவ்வளவுதான் விஷயம்.

பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்த காலத்தில், பிரச்சாரம் பற்றிய பாடத்தில்தான் இந்தப் பாட்டு எனக்கு அறிமுகமானது. சோவியத் அரசு, ஸ்டாலின், சுவரொட்டி, ஒலிபெருக்கி என்று வரிசையாக வந்த படங்களோடு இதையும் போட்டுக் காட்டினார்கள். எனக்கு அப்போதே ஒரு கேள்வி இருந்தது. அரசாங்கம் உத்தரவு போட்டால் பாட்டு எழுதிவிடலாம், வானொலியில் நாளுக்குப் பத்து தடவை ஒலிபரப்பவும் செய்யலாம். ஆனால் பதுங்குகுழியில் பசியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவனை, யாரும் பார்க்காத நேரத்தில் அதை முணுமுணுக்க வைக்க முடியுமா? வானொலி வேலைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வி இன்னும் பெரிதானது. எத்தனை முறை ஒலியேற்றினாலும் ஒட்டாத பாட்டும் உண்டு, ஒரே தடவை கேட்டதும் வீடு வரை கூடவே வருகிற பாட்டும் உண்டு என்பதைத் தினமும் பார்க்கிற தொழில் இது.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதி, பாட்டைக் கேட்டபடியே வரிவரியாகப் போவேன். அறிவிப்பாளர்களுக்கு இது பழகிய வேலை. வாயில் நுழையாத பெயர்களை எல்லாம் இப்படித்தான் சமாளிக்கிறோம். சில வருடங்களாக இந்த வழியில் அந்தப் போர்க்காலக் கவிதைகளுக்குள் நுழைந்து கொண்டிருக்கிறேன். நுழைய நுழைய, அங்கே கவிஞர்களுக்குப் பின்னால் கிராமத்துக் கிழவிகள் நிற்பது தெரிந்தது.

கத்யூஷாவை எழுதியவர் மிகயீல் இசக்கோவ்ஸ்கி. 1900இல் ஸ்மொலென்ஸ்க் வட்டாரத்தில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதிலிருந்தே கண் பார்வை மோசம். பாட்டின் தொடக்கத்தை எழுதிவிட்டு, அடுத்து அந்தப் பெண்ணை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்துவிட்டார். இசையமைப்பாளர் மத்வேய் பிளாந்தர் விடாமல் கேட்டு முடிக்க வைத்தார். 1938 நவம்பரில் மாஸ்கோ மேடையில் முதல் முறையாகப் பாடப்பட்டது. போருக்கு இன்னும் இரண்டரை ஆண்டுகள் இருந்தன.

அந்தப் பாட்டின் எலும்பெல்லாம் நாட்டுப்பாடலின் எலும்பு. முதலில் மரம், பூ, பனி, ஆறு. அதற்குப் பிறகுதான் மனுஷி. ரஷ்ய நாட்டுப்பாடல் நேராக மனதைப் பற்றிப் பேச ஆரம்பிக்காது. ஒரு மரத்தையோ பறவையையோ காட்டிவிட்டு, அதன் பக்கத்தில் மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தும். காதலனைக் கழுகு, பருந்து என்று சொல்வதும், பெயரைச் செல்லமாகச் சுருக்கிக் கூப்பிடுவதும் பழைய வழக்கம்தான். யெகத்தெரீனா என்ற பெரிய பெயர் கத்யூஷா ஆனதும் அப்படியே. இசக்கோவ்ஸ்கி இதையெல்லாம் ஆராய்ச்சி செய்து சேர்க்கவில்லை. அவர் வளர்ந்த ஊரில் பெண்கள் வேலை செய்துகொண்டே பாடிய முறை அது.

போர் வந்ததும் நடந்ததுதான் வேடிக்கை. 1941 ஜூலை 14, ஓர்ஷா நகரத்துக்கு அருகே சோவியத் படை புதிய ராக்கெட் ஏவு வண்டிகளை முதன்முதலாகப் பயன்படுத்தியது. வீரர்கள் அந்த வண்டிக்கு வைத்த பெயர் கத்யூஷா. ஏன் அந்தப் பெயர் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதோடு நிற்கவில்லை. வீரர்கள் பாட்டையே பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டினார்கள். ஒன்றில் கத்யூஷா தாதி. இன்னொன்றில் காட்டுக்குள் ஒளிந்திருந்து போராடும் கெரில்லாப் பெண். வேறொன்றில் அவளே ராக்கெட். இவான் ரோஸானோவ் என்ற அறிஞர் இந்தப் போர்க்காலக் கத்யூஷாக்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். இத்தாலியில் பாசிசத்தை எதிர்த்த போராளிகள் அதே மெட்டில் தங்களுக்கென்று ஒரு பாட்டைக் கட்டிக்கொண்டார்கள். எழுதியவரின் பெயர் அச்சில் இருந்தது. ஆனால் பாடினவர்களுக்கு அது தேவைப்படவே இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 1930களில் சோவியத் அரசுக்கு நாட்டுப்பாடல் மேல் திடீர்க் காதல் வந்தது. வெள்ளைக் கடல் பக்கத்தைச் சேர்ந்த மார்ஃபா க்ரியூக்கவா என்ற கதைப்பாடகி நிஜமாகவே பெரிய கலைஞர். பழைய வீரகாவியங்கள் அவர் நாவில் இருந்தன. அவருக்குத் துணையாக ஓர் எழுத்தாளரை அமர்த்தி, லெனினையும் மற்ற தலைவர்களையும் பழங்கால மாவீரர்களாக்கிக் காவியங்கள் கட்ட வைத்தார்கள். அச்சாயின, பாராட்டுகள் வந்தன, அவரை எழுத்தாளர் சங்கத்திலும் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் நாட்டார் ஆய்வாளர்களே அவற்றைப் போலி என்று ஒதுக்கினார்கள். இத்தனைக்கும் அடைமொழி, ஓசை, திருப்பிச் சொல்லும் முறை என்று வெளித்தோற்றத்தில் எல்லாம் நாட்டுப்பாடல்தான். அந்தப் பாட்டி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு முன்னால் நின்று கேட்டவர்கள் ஊர்க்காரர்கள் இல்லை, அதிகாரிகள். பாட்டு யாருக்காகப் பாடப்படுகிறது என்பது கடைசியில் காதுக்குத் தெரிந்துவிடுகிறது.

நிஜமான சரக்கு வேறு இடத்தில் இருந்தது. ஒப்பாரியில்.

ரஷ்யாவின் வடக்கே, ஒனேகா ஏரிப் பக்கத்துக் கிராமங்களில், சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒப்பாரி வைக்கும் பெண்கள் இருந்தார்கள். கல்யாணத்துக்குமா என்று கேட்காதீர்கள், பிறந்த வீட்டை விட்டுப் போகிற மணப்பெண்ணுக்காகவும் அழுது பாடுவார்கள். அவர்களில் பெரிய பெயர் இரீனா ஃபெதோசவா. எழுதப் படிக்கத் தெரியாதவர். 1867இல் பார்சவ் என்ற ஆசிரியர் அவர் பாடப்பாட எழுதி எடுத்தார். ஆயிரக்கணக்கான வரிகள். 1872இல் முதல் தொகுதி வந்தபோது, இறந்தவர்களுக்கான ஒப்பாரிகள். பத்து வருடம் கழித்து இரண்டாம் தொகுதி. அதில் இருந்தது படைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கான ஒப்பாரி.

உயிரோடு இருக்கிறவனுக்கு எதற்கு ஒப்பாரி? காரணம் கணக்கில் இருக்கிறது. ஜார் காலத்தில் ஆரம்பத்தில் படைச்சேவை ஆயுள் முழுக்க. 1793க்குப் பிறகு 25 ஆண்டு. பிறகு கொஞ்சம் குறைந்தது. 1874இல்தான் முறை மாறி, சேவைக்காலம் சில ஆண்டுகளானது. இருபது வயதுப் பிள்ளையை வண்டியில் ஏற்றினால், அவன் திரும்பும்போது அம்மா இருக்க மாட்டாள். அதனால் ஏற்றும்போதே பிணத்துக்கு அழுவதுபோல அழுதுவிடுவார்கள். 1896இல் நிஸ்னி நோவ்கொரோத் கண்காட்சியில் ஃபெதோசவா பாடியதை மாக்சிம் கார்க்கி நேரில் கேட்டார். அந்த அனுபவத்தை எழுதியும் வைத்தார். கிழவி மேடையேறிக் குரலெடுத்ததும் மண்டபம் எப்படி ஆனது என்பதை அவர் எழுத்தில்தான் படிக்க வேண்டும்.

இந்த நூல் ஒரு நூற்றாண்டைத் தாண்டி எப்படி ஓடுகிறது என்பதற்கு லீதியா ருஸ்லானவாவைப் பாருங்கள். சரதோவ் பக்கத்து ஏழை விவசாய வீட்டில் பிறந்து, சின்ன வயதிலேயே அனாதையான பாடகி. தான் கேட்ட முதல் உண்மையான பாட்டு ஓர் ஒப்பாரி என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்பாவைப் படைக்கு அழைத்துப் போன வண்டியைப் பிடித்துக்கொண்டு பாட்டி அழுத அழுகை அது. இரண்டாம் உலகப் போரில் அவர் முன்னணி நிலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தார். லாரியின் பின்பக்கமே மேடை. 1945 மே மாதம் பெர்லினில், ஜெர்மன் நாடாளுமன்றக் கட்டடத்தின் படிகளில் நின்று, பட்டுப் பூவேலைப்பாடு போட்ட நாட்டுப்புற உடையில் பாடினார். மூன்றே வருடத்தில், 1948இல், அவரைக் கைது செய்து முகாமுக்கு அனுப்பினார்கள். 1953இல்தான் விடுதலை. வெற்றியைப் பாடியவளுக்கே அந்த நாடு கொடுத்த மரியாதை இது.

'பதுங்குகுழியில்' என்ற பாட்டைப் பரவலாக்கியவர்களில் ருஸ்லானவா முக்கியமானவர். அதை எழுதிய அலெக்சேய் சுர்க்கோவ் அதைப் பாட்டாக நினைக்கவே இல்லை. 1941 நவம்பர் கடைசியில், மாஸ்கோவை எதிரி நெருங்கிய நாட்களில், முற்றுகையிலிருந்து தப்பி வந்த இரவில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் பதினாறு வரிகள். அடுப்பில் நெருப்பு, கையில் அக்கார்டியன், தூரத்தில் மனைவி, பக்கத்தில் சாவு. சாவு எத்தனை அடி தூரத்தில் என்று அதில் ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கு மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. வீரர்களின் மனம் தளர்ந்துவிடுமாம், மாற்றச் சொன்னார்கள். சுர்க்கோவ் மாற்றவில்லை. முன்னணியில் இருந்த டாங்கி வீரர்கள் சிலர் அவருக்குக் கடிதம் எழுதினார்கள்: மாற்ற வேண்டாம், சாவு எத்தனை அடியில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும் என்ற பொருளில். ஒலிபரப்புத் துறையில் இருக்கிற எனக்கு இந்த இடம் வரும்போதெல்லாம் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும். நேயருக்கு எது தாங்கும் என்பதை நேயரிடம் கேட்காமலே முடிவு செய்கிற வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு.

கான்ஸ்தந்தீன் சீமனவ் எழுதிய 'எனக்காகக் காத்திரு' இதே காலத்தது. 1942 ஜனவரி 14 பிராவ்தா நாளிதழில் வந்தது. வீரர்கள் கத்தரித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். சீமனவ் கிராமத்துக்காரர் இல்லை. மெத்தப் படித்த நகரத்து ஆள், பத்திரிகையாளர். ஆனாலும் அந்தக் கவிதை வேலை செய்யும் விதம் மந்திரத்தின் விதம். ரஷ்யக் கிராமங்களில் போருக்குப் போகிறவனுக்காக ஓதும் காப்பு மந்திரங்கள் இருந்தன. அம்பு படாதே, வாள் படாதே, குண்டு படாதே என்று ஒரே சொல்லை அடுக்கி, உடம்பைச் சுற்றி வேலி கட்டுவது. சீமனவும் ஒரே ஏவலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். மழை, பனி, வெயில் என்று பருவங்களை அடுக்குகிறார். காத்திருந்தால் பிழைப்பேன் என்கிறார். பல விமர்சகர்கள் கவனித்த ஒற்றுமை இது. எனக்கு அவரோடு ஒரு சண்டை உண்டு. மனைவியின் காத்திருப்பை உயர்த்துவதற்காக, தாய்கூட நம்பிக்கை இழந்துவிடுவாள் என்பதுபோல எழுதிவிட்டார். எந்தத் தாய் சார்?

அன்னா அக்மதோவா வேறு ரகம். பீட்டர்ஸ்பர்க்கின் மேட்டுக்குடிக் கவிஞர். மகன் கைதான வருடங்களில் யாருக்கும் தெரியாமல் மனப்பாடமாகவே வைத்திருந்த 'ரெக்வியம்' கவிதையில், பழைய காலத்துப் படைவீரர் மனைவிகள் கிரெம்ளின் கோட்டையடியில் கதறியதைப்போலக் கதறுவேன் என்ற நினைவு வருகிறது. பிறகு முற்றுகையில் பட்டினி கிடந்து மாண்ட லெனின்கிராடுக்காக 1944இல் ஒரு கவிதை எழுதினார். அதற்கு அவர் வைத்த தலைப்பே ஒப்பாரி என்று பொருள்படும். ஆரம்பத்திலேயே ஒரு நாட்டுப்பழமொழியை எடுத்துத் திருப்பிப் போடுகிறார். அவ்வளவு பெரிய கவிஞருக்கு, அவ்வளவு பெரிய சாவின் முன்னால், சொந்த நடை போதவில்லை. கிழவிகளிடம் போய்க் கடன் வாங்குகிறார்.

அதே முற்றுகை நகரத்தில் வானொலியில் பேசியவர் ஒல்கா பெர்கோல்ட்ஸ். என் தொழிலின் மூத்த அக்கா என்று நான் நினைத்துக்கொள்கிற பெண். 1941 டிசம்பரில், ரொட்டிப் பங்கீடு மிகக் குறைந்துபோன நாட்களில், அவர் வாசித்த ஒரு கவிதை பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் பேசுவதுபோலவே இருக்கும். வீட்டில் அழைக்கிற மரியாதைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வாங்க உட்காருங்க, பேசலாம் என்கிற தொனி. வீரர்களே, குடிமக்களே என்ற மேடைக் குரல் இல்லை. 1942 ஜனவரியில் அவர் கணவர் பசியால் இறந்தார். பெர்கோல்ட்ஸ் ஒலிபெருக்கியில் பேசுவதை நிறுத்தவில்லை.

இவர்களை எல்லாம்விட நான் அதிக நேரம் செலவழித்தது அலெக்சாந்தர் த்வார்தோவ்ஸ்கியோடு. இவரும் ஸ்மொலென்ஸ்க் கிராமத்துக்காரர், கொல்லரின் மகன், 1910இல் பிறந்தவர். உள்ளூர்ப் பத்திரிகையில் இவருடைய கவிதைகளை முதலில் ஆதரித்து அச்சேற்றியவர்களில் ஒருவர் இசக்கோவ்ஸ்கி. த்வார்தோவ்ஸ்கியின் 'வசீலி த்யோர்கின்' 1942 செப்டம்பரிலிருந்து முன்னணிப் பத்திரிகையில் அத்தியாயம் அத்தியாயமாக வந்தது. த்யோர்கின் ஒரு சாதாரணச் சிப்பாய். வாயாடி. சஸ்தூஷ்கா என்று ரஷ்யக் கிராமங்களில் நான்கு வரியில் சட்டென்று கட்டிப் பாடும் குறும்புப்பாட்டு ஒன்று உண்டு. த்யோர்கினின் பேச்சு பல இடங்களில் அந்தத் துள்ளலிலேயே ஓடும்.

'அக்கார்டியன்' என்ற அத்தியாயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உறைபனியில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. காயம் ஆறித் திரும்பும் த்யோர்கின், யாரிடமாவது அக்கார்டியன் இருக்கிறதா என்று கேட்கிறான். டாங்கி வீரர்கள் இருவரிடம் இருக்கிறது. ஆனால் அது செத்துப்போன அவர்களுடைய தளபதியுடையது. தயங்கித் தயங்கித்தான் கொடுக்கிறார்கள். அவன் முதலில் வாசிப்பது தன் ஸ்மொலென்ஸ்க் மண்ணின் சோக மெட்டு. அந்த நேரத்தில் ஸ்மொலென்ஸ்க் எதிரியின் கையில். எல்லோரும் வந்து சூழ்ந்து நிற்கிறார்கள், குளிர் குறைந்த மாதிரி இருக்கிறது. பிறகு மெட்டு மாறுகிறது, ஆட்டம் ஆரம்பிக்கிறது. கடைசியில் அக்கார்டியனை அவனிடமே கொடுத்துவிடுகிறார்கள். கதையில் வேறு எதுவும் நடப்பதில்லை. ஒரு மெட்டு செத்தவனிடமிருந்து உயிரோடு இருப்பவனுக்குக் கை மாறுகிறது.

'சாவும் சிப்பாயும்' அத்தியாயம் இன்னும் பழைய இடத்திலிருந்து வருவது. அனிக்கா என்ற மாவீரன் சாவைச் சந்தித்து, கெஞ்சி, தோற்றுப்போகும் கதைப்பாட்டு ரஷ்யாவில் நூற்றாண்டுகளாக உண்டு. த்வார்தோவ்ஸ்கி அந்த இடத்தில் பனியில் அடிபட்டுக் கிடக்கும் த்யோர்கினைப் படுக்க வைக்கிறார். சாவு கிழவியாக வந்து உட்கார்ந்து, வா போகலாம், இந்தக் குளிரில் எதற்குப் பாடுபடுகிறாய் என்று இனிக்க இனிக்கப் பேசுகிறது. இவன் பேரம் பேசுகிறான்: வெற்றி நாளன்று மட்டும் ஒரு நாள் லீவு தருவாயா, வாண வேடிக்கைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வருகிறேன். சாவு மறுக்கிறது. அப்படியென்றால் நானும் வரவில்லை என்கிறான். பிணம் எடுக்க வந்த இரண்டு சிப்பாய்கள் இவனுக்கு உயிர் இருப்பதைக் கண்டு தூக்கிக்கொண்டு போகிறார்கள். அனிக்கா தோற்ற இடத்தில் ஒரு சாதாரண ஆள் ஜெயித்துவிட்டான், அதுவும் வாயால். திமித்ரி ஒர்லோவ் என்ற நடிகர் இந்தக் காவியத்தை வானொலியில் வாசித்தார். சோவியத் ஆட்சியை வெறுத்துப் பாரிசில் வாழ்ந்த நோபெல் எழுத்தாளர் இவான் பூனின்கூட 1947இல் ஒரு கடிதத்தில் இந்தப் புத்தகத்தைப் பாராட்டினார். அவரை மயக்கியது அதன் அசலான சிப்பாய்த் தமிழ்! இல்லை, சிப்பாய் ரஷ்யம். படிக்கும்போது எனக்கு அப்படித்தான் கேட்டது.

திரும்பவும் இசக்கோவ்ஸ்கி. கண் கோளாறால் அவரைப் படையில் சேர்க்கவில்லை. போர்க்காலத்தை காமா ஆற்றங்கரையில் சிஸ்தபோல் என்ற சிற்றூரில் கழித்தார். முன்னணியைப் பார்க்காத மனிதர் முன்னணியின் பாட்டுகளை எழுதினார். அவர் எழுதிய 'ஒளி' 1943 ஏப்ரலில் பிராவ்தாவில் வெறும் கவிதையாகத்தான் வந்தது. படைக்குப் போகிறவனை வழியனுப்பிய பெண்ணின் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவு. பிளாந்தர் உட்படப் பலர் அதற்கு மெட்டமைத்தார்கள். ஒன்றும் நிற்கவில்லை. யார் கட்டினார் என்றே தெரியாத ஒரு மெட்டு நாடு முழுக்கப் பரவியது. பிறகு நான்தான், நான்தான் என்று பலர் வந்தும் எதுவும் நிரூபணமாகவில்லை. அதைவிடச் சுவை, மக்கள் அந்தப் பாட்டுக்குப் 'பதில்கள்' கட்டியது. ஒரு பதிலில், வீரன் ஊனமாகிவிட்டதாகக் கடிதம் எழுதுகிறான், ஜன்னல் விளக்கு அணைந்துவிடுகிறது. பிராவ்தா அச்சிட முடியாத பக்கத்தை ஊர் தானாகவே எழுதிக்கொண்டது.

1945இல் அவர் எழுதியதுதான் என்னை விடாமல் பிடித்திருப்பது. முதலில் 'பிரஸ்கோவ்யா' என்ற பெயர். 1946இல் ஓர் இலக்கிய இதழில் வந்தது. சிப்பாய் ஒருவன் போர் முடிந்து ஊர் திரும்புகிறான். வீடு எரிந்து கிடக்கிறது, குடும்பம் இல்லை. புல் முளைத்த கல்லறை மேட்டில் மனைவியோடு பேசுகிறான். பையிலிருந்து மதுப்புட்டியை எடுத்துக் கல்லின் மேல் வைக்கிறான். விருந்து வை, உன் புருஷன் வந்திருக்கிறேன் என்கிற மாதிரிப் பேச்சு. மூன்று நாடுகளைக் கடந்து வந்தவனின் மார்பில் புடாபெஸ்ட் பதக்கம். கண்ணீர் விழுகிறது.

ரஷ்யக் கதைப்பாட்டுகளில் ஒரு பழைய வகை உண்டு. நெடுங்காலம் படையில் இருந்துவிட்டுத் திரும்பும் சிப்பாய், ஒரு விதவையின் வீட்டில் இரவு தங்க இடம் கேட்கிறான். அவள்தான் அவன் மனைவி, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. கடைசியில் தெரிந்துகொள்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு அந்தக் கடைசி நிமிடத்துக்காகத்தான் முழுப்பாட்டும். இசக்கோவ்ஸ்கியின் சிப்பாய் வந்து நிற்கும்போது, கிராமத்துக் காதுகள் அந்த நிமிடத்துக்குத்தான் காத்திருக்கும். அடையாளம் கண்டுகொள்ள எவரும் இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. கல்லறையோடு பேசுவது ஒப்பாரிப் பெண்களின் வேலை. எழுந்திரு, முகத்தைக் காட்டு, சாப்பாடு வை என்றெல்லாம் செத்தவர்களிடம் கேட்பது அவர்கள் வழக்கம். இங்கே அதைக் கேட்பது ஒரு ஆண். வீட்டில் ஒப்பாரி வைக்கப் பெண்ணே மிச்சமில்லாததால் அவனே வைத்துக்கொள்கிறான்.

இது பாட்டாக வேண்டும் என்று பிளாந்தரிடம் சொன்னவர் த்வார்தோவ்ஸ்கி. இசக்கோவ்ஸ்கிக்கே நம்பிக்கை இல்லை, நீளம் அதிகம் என்றார். பிளாந்தர் மெட்டமைத்தார். வானொலியில் ஒரே முறை ஒலித்தது. அதோடு சரி. அவநம்பிக்கை பரப்புகிறது என்றார்கள். 2 கோடியே 70 லட்சம் பேர் செத்துப்போன நாட்டில், வெற்றி வந்துவிட்டது, இனி சோகத்துக்கு வேலையில்லை என்ற எண்ணம். கவனியுங்கள், அந்தப் பாட்டில் அரசாங்கத்தைத் திட்டும் வார்த்தை ஒன்றுகூட இல்லை. வீட்டை எரித்தது எதிரி என்று தெளிவாகவே சொல்கிறது. அழுதது மட்டும்தான் குற்றம். பதினான்கு வருடம் கழித்து, 1960இல், மார்க் பெர்னெஸ் என்ற நடிகர்-பாடகர் துணிந்து மாஸ்கோவின் பெரிய அரங்கில் பாடினார். பெரிய குரல் வளம் இல்லாதவர். பாதி பேசுவார், பாதி பாடுவார். முடிந்தபோது அரங்கம் எழுந்து நின்றதாகச் சொல்வார்கள்.

எங்கள் நிலையத்தில் உலகப் பாடல்கள் பற்றி ஞாயிறு இரவில் ஒரு மணி நேரம் எனக்குக் கிடைத்தபோது, கத்யூஷாவை முதலில் வைத்து, பெர்னெஸ் பாடிய இந்தப் பாட்டைக் கடைசியில் வைத்தேன். தயாரிப்பாளர் அண்ணன் ஓடுபட்டியலைப் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போவாங்க. கடைசியில கொஞ்சம் தெம்பா ஒண்ணு போடேன். அந்தக் கத்யூஷாவையே கடைசிக்குத் தள்ளு."

அவர் கெட்டவர் இல்லை. கேட்கிறவர்கள் மேல் அக்கறை உள்ளவர். நான் அவரிடம் மாஸ்கோ கதையைச் சொல்லவில்லை. என் பாட்டி கதையைத்தான் சொன்னேன். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் பாட்டி இறந்தபோது, வீட்டுக்குள் விரல்விட்டு எண்ணும்படி ஆட்கள். சின்ன வயதில் நான் பார்த்த சாவு வீடுகளில் வாசல் வரை கேட்கிற குரல்கள் அன்றைக்கு இல்லை. முகக்கவசத்துக்குள் எல்லாரும் சத்தமில்லாமல் நின்றோம். அம்மா இன்றைக்கும் அவ்வப்போது, "ஒரு வாய் அழக்கூட முடியலையே" என்பார். அழாமல் இருந்ததால் யாருக்கும் தெம்பு வந்ததாக எனக்குத் தெரியவில்லை, அண்ணன் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாட்டுக்கு முன்னாடி கதையச் சொல்லிடு. மொழி புரியாதில்ல" என்றார்.

சொன்னேன். இரண்டரை நிமிடம் எடுத்துக்கொண்டேன். பிறகு பாட்டு முழுவதையும் வெட்டாமல் போட்டேன். நடுவில் என் குரல் எங்கும் வரவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் வாட்சாப்பில் வழக்கம்போல நாலைந்து வாழ்த்து வந்தது. ஒன்று மட்டும் குரல்பதிவு. வயதான ஆண் குரல், பின்னால் மின்விசிறிச் சத்தம். பாட்டு பற்றி எதுவும் சொல்லவில்லை.

"அந்த வீட்டுக்காரி பேரச் சொன்னீங்களே, சரியா காதுல விழல. இன்னொரு வாட்டி சொல்ல முடியுமா?"

மெதுவாக, எழுத்துக் கூட்டி, பிரஸ்கோவ்யா என்று பதிந்து அனுப்பினேன்.